ஒரு விரல் அகலம்

விவேக் நகர்,
பெங்களூரு.
ஜூலை 6

அன்பு மகன் டேரிலுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. குழந்தை இயேசு தயவில் நான் நலம், அப்பாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் அவர் இடுப்பில் இருக்கும் பெல்ட் அதற்கு ஒப்புக்கொள்ளாது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அப்பா திருப்பி அனுப்புவதாகச் சொன்ன கேமரா எதிர்வீட்டு யூஜின் கையில் வரும் என்று காத்திருப்பாய், வருவது இந்தக் கடிதமும் ஒரு படமும் எலுமிச்சை ஊறுகாயும்தான். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய அந்தக் கேமராவில் தன் பழைய லென்ஸை மாட்டி ஜனவரித் திருவிழாவில் அவர் எடுத்த படங்கள் நினைவிருக்கிறதா, பிளாஷ் இல்லாமல், மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஒவ்வொருவர் கண்ணும் எத்தனை தெளிவு. மார்ச்சில் பாத்ரூமில் விழுந்தார், டாக்டர் பெல்ட்டைக் கட்டி ‘பக்கபேடி’ என்று கன்னடத்தில் அதட்டி, குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து எடுத்த படமெல்லாம் மூக்கு தெளிவு, கண் மங்கல். அந்த லென்ஸை முழுசாகத் திறந்தால் ஒரு விரல் அகலத்துக்குத்தான் தெளிவு விழும், கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலில் இரண்டாகத் தெரியும் முகத்தை ஒன்றாகச் சேர்ப்பதில் இம்மி பிசகினாலும் போச்சு என்று அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பழைய லென்ஸும் புது கேமராவும் ஒத்துப்போகவில்லை, சரிபார்க்கக் கொடுக்கலாம் என்று நீ போனில் சொன்னதில் அவருக்குக் கோபம். லென்ஸுல ஒரு தப்பும் இல்ல, எனக்குத்தான் எல்லாம் முடிஞ்சுபோச்சு என்று கேமராவை அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிவிட்டார். அதோடு ஷேவ் பண்ணுவதை விட்டார், பூசைக்கு வருவதை விட்டார், உன்னோடு போனில் சிரித்துப் பேசியதெல்லாம் நடிப்பு. எனக்குப் பயமாகிவிட்டது டேரில், மறைக்காமல் சொல்கிறேன்.

போன ஞாயிறு லிங்கராஜபுரத்திலிருந்து குளோரியா சித்தி வந்தவள் தன் போனில் திருவிழா வீடியோவைக் காட்டினாள். ஓரத்தில் அப்பா நிற்கிறார். கேமராவைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் செய்கிறார், பிறகு ஒரு விரல் அளவு முன்னால் சாய்ந்து அமுக்குகிறார். ஆறு படம், ஆறு தடவையும் அதே சாய்வு. சின்ன வயதில் நீ, அப்பா கேமராவுக்கு முத்தம் கொடுக்கிறார் என்று நடித்துக் காட்டுவாயே, அதேதான், நாமெல்லாம் சிரித்ததோடு சரி. அந்த லென்ஸின் தெளிவு எப்போதுமே அவர் குறிவைத்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் விழுந்திருக்கிறது, நாற்பது வருஷமாக அவருக்கே தெரியாமல் அவர் உடம்பு அதைச் சரிக்கட்டியிருக்கிறது. இப்போது பெல்ட் சாயவிடவில்லை. இத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருந்த எனக்கு இது புரிய நாலு மாதம் ஆனது வெட்கம்தான்.

மறுநாள் காலை கயிற்றை அவிழ்த்துக் கேமராவைக் கையில் கொடுத்தேன். பென்ஷன் ஆபீஸில் படம் கேட்கிறார்கள் என்று ஒரு பொய், அடுத்த பூசைக்கு முன்னால் பாதரிடம் சொல்லிக்கொள்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே ஃபோகஸ் செய்தார், அமுக்கப் போகிற நேரத்தில் நான் ஒரு விரல் அளவு முன்னால் வந்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார், என் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அப்புறம்தான் வீடியோவைக் காட்டினேன். மூன்று தடவை ஓட்டிப் பார்த்து, நானா ஜூடி இது என்று கேட்டு, இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். நீ சொன்னபடி லென்ஸைச் சரிபார்க்கக் கொடுக்கவும் சம்மதித்துவிட்டார், உடனே இல்லையாம், மெதுவாகவாம். பிறகு மறுபடி கேமராவைத் தூக்கி, அதுவரைக்கும் நீ கொஞ்சம் கிட்ட வா என்றார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவர் வாய்விட்டு அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை, எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது எடுத்த படம்தான் உனக்கு வருகிறது, கண்ணில் தண்ணீர் நிற்பது தெளிவாகத் தெரியும்.

ஊறுகாயை ஈரக் கரண்டியால் எடுக்காதே, ராத்திரியில் வண்டி ஓட்டும்போது போன் பேசாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றும் உனக்கு உண்டு. கிறிஸ்துமஸுக்கு வேலை என்று சாக்குச் சொல்லாமல் வந்து சேர். அதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். கழற்றாவிட்டாலும் பரவாயில்லை, அப்பா கேமராவை எடுத்தால் நீயும் ஒரு விரல் அளவு முன்னால் வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
ஜூடித்