சிரித்தால் மடங்கும் முழங்கால்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் தேவலை. தூக்கம்தான் நினைத்த நேரத்தில் வந்து ஆளைச் சாய்க்கிறது.

போன வாரம் சலவைக்கூடத்தில் கூட்டாளியும் நானும் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்துப் படுக்கைவிரிப்பு மடித்தோம். அவன் முதலாளி மாதிரி நடந்து காட்டினான். சிரித்தேன், முழங்கால் மடங்கித் துணிக்குவியலில் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. நார்கோலெப்ஸி என்ற இந்தத் தூக்க நோயின் குணமாம் அது.

"ஃப்ளூ ஊசி போட நான்தானே உன்னை இழுத்துட்டுப் போனேன்" என்று போனில் அழுதாயே, நோய் அதனால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அந்த வருஷம் வந்த ஃப்ளூ காய்ச்சலே இதைக் கிளப்பியிருக்கலாம். அபூர்வமா ஏதோ ஒரு ஊசியும் கிளப்பலாம். உங்களுக்கு எதுன்னு சொல்ல முடியாது. உடம்போட எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாம, நம்மை விழிப்பா வைக்கிற மூளை செல்லை அழிச்சிருக்கும்" என்றார்.

"தங்கச்சி குழந்தைக்கு ஊசி?"

"தாராளமா போடச் சொல்லுங்க."

தடுக்காதே அம்மா. உன்னையும் திட்டிக்கொள்ளாதே.

நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து இப்போது இங்கே யாரும் என்னிடம் வேடிக்கையாகப் பேசுவதில்லை. கூட்டாளிகூடத் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

கண் சொருகுகிறது, நிறுத்துகிறேன். அப்பா அடிக்கும் கூத்தையெல்லாம் விடாமல் எழுதி அனுப்பு. படுத்துக்கொண்டே படிக்கிறேன்.

உன் மகன்