பணியாளர் மூச்சு

12 ஏப்ரல், காலை 6:10

கொண்டல் மிதவை நிலையம், வங்கக்கடல். பதிபவர்: பிலோமினா, கடல் வேதியியல். வேறு ஆள் இல்லை. மாற்று ஆள் வரவேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது. காற்று: இல்லை. கிழக்கிலிருந்து கரைப்பக்கம் வீசும் ஒரு காற்றின் பெயரை வைத்துக்கொண்டு இந்த நிலையம் மூன்று நாளாகக் குளத்தில் கிடப்பதுபோல் கிடக்கிறது.

வேலை பழையதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமிலவாயுவையும் காற்றில் இருப்பதையும் அளந்து கழிக்க வேண்டும். காற்றில் அதிகமென்றால் கடல் உள்ளே இழுக்கும். தண்ணீரில் அதிகமென்றால் வெளியே விடும். கம்பத்தின் அடியில் ஒரு குழாயும் உச்சியில் ஒரு குழாயும் தாமாகவே காற்றை உறிஞ்சி அளக்கின்றன. அவற்றை நம்பாமல் காலையும் மாலையும் நான் கண்ணாடிக் குடுவையில் காற்று பிடிக்கிறேன். மூன்று தடவை நன்றாக இழுத்து விட்டு, மூச்சை அடக்கி, குடுவையைத் திறந்து, பதினைந்து எண்ணி மூடி, நாலடி தள்ளிப் போய்த்தான் மூச்சு விடவேண்டும். காற்றில் பத்து லட்சத்துக்கு 470 பங்கு. நம் மூச்சில் நாற்பதாயிரம். ஒரு பெருமூச்சு போதும், அன்றைய வேலை பாழ்.

இன்று 910. என் மூச்சுதான். இந்த முழங்காலோடு குனிந்தால் யாருக்குத்தான் மூச்சு வராது? நிலையத்தில் ஆள் இருக்கும்வரை, 600-ஐத் தாண்டும் எதையும் கரையிலுள்ள கணினி நிரல் "பணியாளர் மூச்சு" என்று எழுதி நீக்கிவிடும்.

கரை, தரவு அறை, பரிதி: "மேடம், இந்த வாரத்துல இது அஞ்சாவது. குடுவைக்குள்ள ஊதி விளையாடுறீங்களா? எடுத்துட்டேன், விடுங்க."

விட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

13 ஏப்ரல், மாலை 5:40

காற்று: இல்லை. குடுவை: 1,450. அடிக் குழாய்: 1,600. குழாய்க்குப் பக்கத்தில் நான் நிற்கவே இல்லை. கருவியைத் துடைத்துப் பூட்டினேன்.

ஆலாப் பறவைகள் தண்ணீரில் உட்கார்ந்திருக்கின்றன. ஆலா இப்படிக் கும்பலாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாற்றுப் படகு, தனிஸ்லாஸ்: "யக்கா, இருக்கியளா? நாளைக்கு சாயந்தரம் கெளம்புதோம், மறாநாளு விடியக்காலம் அங்கன நிப்போம். நாலு பேரு வாரோம், ஒங்களுக்குப் பதில் ஆளும் இருக்காரு. சீலா மீனு ஐஸ்ல வச்சிருக்கேன், வெறுங்கையோட வர மாட்டேன்."

பன்னிரண்டு வருடமாக இவன்தான் என்னைக் கொண்டுவந்து விட்டு, கூட்டிப் போகிறான். படகில் ஏறியதும் திட்ட ஆரம்பிப்பான், கரை வரும்வரை ஓயமாட்டான். அந்தத் திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

14 ஏப்ரல், காலை 7:00

சித்திரை ஒன்று. கீழறையில் பாயசம் வைக்கலாமென்று அடுப்பைப் பற்றவைத்தேன். பற்றவில்லை. லைட்டரைத் தரைப்பக்கம் கொண்டுபோனால் அணைகிறது, தலைக்கு மேலே தூக்கினால் எரிகிறது. சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம். தலைவலி.

கைக்கருவியைத் தரையில் வைத்தேன். 38,000.

ஓடி மேலே வந்துவிட்டேன். ஓடி என்று எழுதுகிறேன், தவழ்ந்து என்பதுதான் சரி.

காலை 8:30

இனி எழுதுவதை யார் கண்டெடுத்தாலும் நம்ப வேண்டும். நமக்கு நேர் கீழே, மூவாயிரம் மீட்டர் ஆழத்தில், இருபது வருடமாகக் கரியமிலவாயுவைத் திரவமாக்கிக் கொட்டியிருக்கிறார்கள். அழுத்தத்தில் அங்கேயே கிடக்கும் என்றார்கள். அது கிடக்கவில்லை. மேலே வந்து தண்ணீரை நிறைத்து, இப்போது வெளியேறுகிறது. காற்றடித்தால் சிதறிப் போயிருக்கும். காற்றில்லாததால், கனமான வாயு, கடல்மேல் போர்வையாகப் படுத்துவிட்டது. நீக்கிய அளவுகள் அத்தனையும் சரி. கடல் விட்டதை நான் என் மூச்சு என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சடக்கப் பழகிய எங்களுக்கு மட்டும்தான் இந்த முட்டாள்தனம் வரும்.

ஆலாக்கள் உட்கார்ந்திருக்கவில்லை. செத்து மிதக்கின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை.

காலை 9:15

கரையைக் கூப்பிட்டேன். பரிதி: "மேடம், லீவு நாளு, நான் ஒருத்தன்தான் இருக்கேன். ரூலை மாத்த எனக்கு அதிகாரம் கெடையாது. திங்கக்கிழமை மீட்டிங்ல சொல்றேன். தலைவலின்னு சொல்றீங்களே, கீழ போய்க் கொஞ்சம் படுத்துத் தூங்குங்க."

படகை நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெனரேட்டர் இருமி நின்றது. அதற்கும் மூச்சு முட்டிவிட்டது. அதோடு தொலைபேசியும் போயிற்று. கையில் வைத்துப் பேசும் வாக்கி-டாக்கி போன மாதமே உப்புத்தண்ணீரில் செத்தது. மிச்சம் இரண்டு: கேட்க மட்டும் முடிகிற ஒரு சின்ன ரேடியோ, சூரிய மின்கலத்தில் ஓடி மணிக்கொரு தரம் அளவுகளைக் கரைக்கு அனுப்பும் பெட்டி.

தனிஸ்லாஸின் படகு தண்ணீரிலிருந்து ஒரு முழ உயரம். நாலு பேரும் நேராக இதற்குள் வருவார்கள். தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுப்பார்கள். வானத்தில் ஆபத்து வெடிவிளக்கு போட்டால், உதவி கேட்கிறேன் என்று அவன் இன்னும் வேகமாக வருவான்.

மாலை 4:20

ஒரு வழி இருக்கிறது. பகல் முழுக்க வேறு வழி தேடினேன்.

அளவுகளை அனுப்பும் பெட்டி கீழறையில் இருக்கிறது. அதில் ஒரு திருகு விசை: "நிலையத்தில் ஆள்: உண்டு / இல்லை." 'இல்லை' என்று திருப்பினால் நிரல் எதையும் மூச்சு என்று நீக்காது. அளவுகள் அப்படியே போகும், ஐயாயிரத்தைத் தாண்டியிருப்பதால் சுற்றுவட்டாரப் படகுகளுக்கெல்லாம் சிவப்பு எச்சரிக்கை தானாகவே போகும். ஆனால் ஆள் இல்லாத இடத்துக்கு ஆளைக் கூட்ட எவன் படகு அனுப்புவான்? பரிதி புரிந்துகொள்வான். அவன் புரிந்துகொள்ளத் திங்கட்கிழமை ஆகும்.

எனக்குச் சாக விருப்பமில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். என் கட்டிலில் படுக்க வேண்டும், நல்ல தண்ணீரில் தலை குளிக்க வேண்டும், அந்தச் சீலா மீனைத் தின்ன வேண்டும்.

மாலை 4:50

மூன்று தடவை இழுத்து விட்டு, மூச்சை அடக்கி, இறங்கினேன். பழகின வேலைதான். திருப்பினேன். ஏறினேன். இனி ஒருமுறை அங்கே இறங்க என் முழங்கால் விடாது.

15 ஏப்ரல், காலை 6:05

கம்ப உச்சியில் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடி: 90,000. உச்சி: 6,000. தலை வெடிக்கிறது. காற்று இல்லை.

படகு தெரிகிறது. எச்சரிக்கையை மீறி வந்திருக்கிறான், மடையன்.

ரேடியோ, தனிஸ்லாஸ்: "யக்கா, ரெட் அலர்ட்டுங்கான், நிலையத்துல ஆளே இல்லங்கான். யாரு வந்து ஒங்கள கூட்டிட்டுப் போனது? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. பைனாகுலர்ல பாத்துக்கிட்டே வாரேன். ஒங்க ஆரஞ்சு சட்ட தெரிஞ்சா போதும், எந்த அலர்ட்டும் எனக்கு மயிரு."

ஆரஞ்சு மிதவைச் சட்டையைக் கழற்றிக் கடலில் போட்டேன். கம்பத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்து கட்டிக்கொண்டேன். அழுதேன். அழுதால் மூச்சு அதிகம் செலவாகிறது.

"எஞ்சினு வேற மக்கர் பண்ணுது... யாரும் தெரியல. சரி, திருப்புதேன். யக்கா, எங்கன இருந்தாலும் கரைக்கு வந்ததும் ஒரு போன் போடுங்க. மீனு இருக்கு."

திருப்பினான். சத்தம் தேயும்வரை கேட்டேன்.

காலை 8:40

அவன் வெளியே போயிருப்பான். இனி நான் இங்கே இருப்பது தெரியலாம். உச்சிக் குழாயின் வாய் என் கைக்கெட்டும் தூரத்தில்தான். பரிதி, ஐந்து தடவை என் மூச்சு என்று நீக்கினாயே. இப்போது நிஜமாகவே ஊதுகிறேன். பதினைந்து எண்ணி ஒன்று. பதினைந்து எண்ணி ஒன்று. கடல் இப்படி எண்ணி விடாதப்பா. பார்

கை வரவில்லை எழுத

ஊதுகிறேன்

15 ஏப்ரல், காலை 10:00, தானியங்கிப் பதிவு

அடிக் குழாய்: 88,000. ஏற்கப்பட்டது.
உச்சிக் குழாய்: 6,000, 31,000, 6,000, 29,000, 6,000, 30,000. சீரான இடைவெளி. மனித மூச்சை ஒத்தது.
நிலையத்தில் ஆள்: இல்லை.
முடிவு: கருவிக் கோளாறு. அளவுகள் நீக்கப்பட்டன. உச்சிக் குழாய் திங்கட்கிழமை வரை மூடப்பட்டது.
காற்று: தொடக்கம். திசை: கொண்டல்.