கடைசி நாலு வாரத்தைக் காணோம்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி வெள்ளி

என் கண்ணு செல்வப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடும் கன்றும் தென்னையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் உன் குளிரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன். இந்த வருஷம் ஆடிக்காற்று பேயாக அடிக்கிறது, கொடியில் போட்ட துணி நிற்பதில்லை, நேற்று உன் அப்பாவின் வேட்டியைப் பக்கத்து வாழைத்தோப்பில் போய் எடுத்து வந்தேன். ஊரில் இருந்தவரை தொழுவத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவள் நியூசிலாந்துக்குப் போய் மாட்டுப் பண்ணையில் பால் பரிசோதனை செய்கிறாள் என்றால் இங்கே ஒருத்தரும் நம்புவதில்லை, மாடு சிரிக்கும் என்கிறார்கள். காதுக்குக் குல்லா போட்டுக்கொள் சாமி, கல்யாணப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்.

தினமும் போனில் பேசுகிறோமே, இது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தபாலாபீசில் இருக்கும் பெண்ணும் அதையேதான் கேட்டாள், வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை, கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். விஷயம் என்னவென்றால், உன்னோடு பேச நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடு என்கிறார். அவர் காதில் விழக்கூடாத ஒரு சங்கதி இருக்கிறது. அதற்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. நீ பிளேன் ஏறுவதற்குள் கைக்கு வந்துவிடும், நான் விசாரித்துவிட்டேன்.

முதலில் உன்னிடம் இத்தனை நாள் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமனும் அப்பாவும் மாசி மாதத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். நீ பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது, அதைச் சொல்லத்தானே எழுதுகிறேன். எல்லாம் புத்தகம் படிக்க ஆளில்லாத நம் வாய்க்கால் மேட்டு வாயனசாலையால் வந்தது. நீ போன பிறகு அங்கே இன்னும் மோசம், தமிழ்ப் பேப்பர் ஒன்று மலையாளப் பேப்பர் ஒன்று வருகிறது, அதையும் போனிலேயே பார்த்தாயிற்று என்று யாரும் தொடுவதில்லை, பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மழைக்கு ஒதுங்குவார்கள், போனுக்குச் சார்ஜ் போடுவார்கள், புத்தக அலமாரிப் பக்கம் பல்லி போனால் உண்டு. உன் அப்பாதான் எத்தனையோ வருஷமாகப் பிரசிடெண்ட். மாசி மாதம் பொதுக்கூட்டத்தில் உன் மாமன் எழுந்து, முன்னறையை மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டுவிடலாம், ஓடு மாற்றவாவது காசு வரும் என்றிருக்கிறார். என் கூடப்பிறந்த அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உன் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம், "புஸ்தகத்தோட அருமை உங்களுக்கென்னங்க தெரியும், உரமூட்டையில எழுதியிருக்கறதைத் தவிர வேறென்ன படிச்சிருக்கறீங்க" என்று சபையில் கேட்டுவிட்டார். உன் மாமன் சும்மா இருப்பாரா. "ஏனுங் மாப்ளை, இத்தனை வருசமாப் பிரசிடெண்டா இருக்கறீங்களே, இங்க இருக்கறதுல ஒரே ஒரு கதையைச் சொல்லுங்க, நான் வாயை மூடிட்டு உக்காந்துக்கறேன்" என்றாராம். உன் அப்பா திரும்பி அலமாரியில் புத்தகத்தின் பேரைத் தேடினாராம். கூட்டம் சிரித்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் அன்றைக்குச் சோறே தின்னவில்லை.

அப்புறம் கவலையெல்லாம் எனக்குத்தான். ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு தாய்மாமன் பேசவில்லை என்றால் என்ன ஆகும் சொல். மாமன் சீர் இல்லாமல் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போக முடியுமா, மாப்பிள்ளை வீட்டார் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து நின்று உங்கள் அண்ணன் எங்கே என்று கேட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன். ஆனியில் பத்திரிகை அடித்து வந்தது. குலதெய்வத்துக்கு வைத்தாயிற்று, அடுத்தது தாய்மாமனுக்கு, ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகை வைக்க முடியாது. நான் சொன்னால் உன் அப்பா கேட்பதில்லை, "உன்ற அண்ணன் ஊடுதானே, நீ போயி வெச்சிட்டு வா" என்கிறார். இரண்டு பேருமாகப் போய் வைக்காவிட்டால் அதற்குப் பேர் அழைப்பா. அண்ணன் சம்சாரம், உன் அத்தையிடம் போனில் அழுதேன். அவளும் அந்தப் பக்கம் அழுதாள்.

இதற்கு நடுவில் உன் அப்பா ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். சபையில் பட்ட அவமானத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே, வாயனசாலையிலிருந்து இருப்பதிலேயே தடியான ஒன்றைத் தூக்கி வந்துவிட்டார். அது கடையில் விற்ற புத்தகம் இல்லை, அந்தக் காலத்தில் வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியது, உனக்கெல்லாம் அது தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஜோக்கு, தைல விளம்பரம் எல்லாம் இருக்கும். கதை என்னவென்றால், சுகுணா என்று ஒருத்தி, கல்யாணமாகிப் புருஷனோடு ரயிலில் போகிறாள், வழியில் தண்ணீர் பிடிக்க இறங்கிய புருஷன் காணாமல் போய்விடுகிறான். ரொம்ப நாள் கழித்து மழையில் ஒருத்தன் வந்து கதவைத் தட்டுகிறான். அதே முகம், அதே குரல், ஆனால் இடது கையால் சாப்பிடுகிறான். அவன் புருஷனா, வேறு ஆளா? இதுதான் கதை. முதல் நாள் கொட்டாவி விட்டுக்கொண்டு படித்தவர் மூன்றாம் நாள் தண்ணீர் பாய்ச்ச மறந்துவிட்டார், மோட்டார் ஓடி வாய்க்கால் நிறைந்து தெருவுக்கு வந்துவிட்டது. சுகுணா அவனுக்குப் பாலில் எதையோ கலந்து கொடுக்கும் இடத்தில் முதல் பாகம் தீர்ந்துபோனது. இரண்டாம் பாகம் அலமாரியில் இல்லை. எங்கே இருக்கிறது தெரியுமா? உன் அத்தை என்றைக்கோ எடுத்துப் போய், படிக்கவும் செய்யாமல் திருப்பித் தரவும் செய்யாமல் அரிசிக் குதிர் மேல் வைத்திருக்கிறாள். தா என்று கேட்க வாயனசாலையில் ஆள் வேண்டுமே.

நான் சொல்லி அனுப்பினேன். அவள் கெட்டிக்காரி, தரமாட்டேன் என்றாள். "அண்ணனை பத்திரிகையோட வரச் சொல்லுங்க அண்ணி, தாம்பூலத்தட்டை இந்தக் கையில வாங்கிட்டு புஸ்தகத்தை அந்தக் கையில தர்றேன்" என்றாள். உன் அப்பா இரண்டு நாள் விறைத்துக்கொண்டு திரிந்தார். ஆனிக் கடைசி நாள் பொழுது சாய்வதற்குள் தானே சட்டையை மாட்டிக்கொண்டு, ஏன் இன்னும் கிளம்பாமல் நிற்கிறாய், நல்ல நேரம் போகிறது என்று என்னையே அதட்டுகிறார்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

உன் மாமனுக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது, கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார், ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பத்திரிகை வைத்தோம், வாங்கிக்கொண்டார், முகம் கொடுக்கவில்லை. அத்தை புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டியதும் உன் அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, "ஓஹோ, இதுக்குத்தான் வந்தீங்களாக்கும், படிச்சிருந்தா கதையைச் சொல்லுங்க பாக்கலாம்" என்று சீண்டினார். உன் அப்பா சொன்னார் பார், ரயிலில் தொடங்கிப் பால் டம்ளர் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார், சுகுணா மாதிரி அழுதுகூடக் காட்டினார். நான் கட்டிக்கொண்ட மனுஷனிடம் இப்படி ஒரு வித்தை இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கேட்டுக்கொண்டே வந்த உன் மாமன் எழுந்து உட்கார்ந்தார். முடிந்ததும், புத்தகம் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது, இங்கேயே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள் என்று பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் உன் அப்பா அங்கே போய்விடுவார், இவர் படிக்க அவர் கேட்க, அத்தை முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தே ஓய்ந்துபோனாள். உன் அப்பா அவன் நிஜப் புருஷன்தான் என்கிறார். மாமன், இல்லை, அவன் பிராடு என்கிறார். கூடவே வந்து உட்கார்ந்து கேட்ட ஊர்க்காரர்களெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து, டீக்கடையில் வேறு பேச்சே இல்லை, முதல் பாகத்துக்கு வாயனசாலையில் ஆள் காத்திருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த அலமாரியைத் துடைத்திருக்கிறார்கள்!

கடைசியில் பார்த்தால், கடைசி நாலு வாரத்தைக் காணோம். சுகுணா அவன் தூங்கும்போது பெட்டியைத் திறக்கிறாள், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதற்குள் தொடரும் என்று போட்டிருக்கிறது, அதற்கப்புறம் வெறும் அட்டை. கறையான் தின்றதோ, எலி தின்றதோ. இரண்டு பேரும் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டார்கள். போன வாரம் முழுக்கப் பஸ் ஏறி அதைத் தேடித்தான் அலைந்தார்கள். கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு வாயனசாலைக்குப் போனால் பூட்டு, சாவி யாரிடம் என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இன்னோர் இடத்தில் உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம், ஆஹா என்று போனால் எல்லாம் சர்க்கார் வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுதப் படிக்கிற பிள்ளைகள், சத்தம் போடாதீர்கள் என்று இவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். பொள்ளாச்சியில் மாடியில் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்ததே என்று படியேறினால் அங்கே கண்ணாடித் தொட்டியில் கலர் மீன் விற்கிறார்களாம். பழைய பேப்பர் கடையில் மூட்டை மூட்டையாகக் கிளறி வேறு ஏதோ வருஷத்துப் பத்திரிகையைச் சுமந்து வந்திருக்கிறார்கள், அதில் நல்ல வடகக் குறிப்பு ஒன்று இருந்தது, நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் களைத்துப்போய், இளவட்டத்தில் படம் பார்த்த தியேட்டரில் சித்தெ உட்காரலாம் என்று போயிருக்கிறார்கள். அது இப்போது கட்டில் பீரோ விற்கிற கடை. திரை இருந்த இடத்தில் நின்ற தேக்குக் கட்டிலைப் பார்த்துவிட்டு, "இது என்ற அம்மிணிக்கு" என்று உனக்காக உன் மாமன் அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம், "நான் பேசாமயே இருந்திருந்தா இந்தக் கட்டிலை யாருக்கு வாங்கியிருப்பேன் மருதாத்தா" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்த மொபைல் கடைக்காரன் வந்து முன்னறையைக் கேட்டதற்கு, முடிவு கிடைக்கிறவரை வாயனசாலையில் ஒரு தாள் கூட நகரக் கூடாது, எந்த இடுக்கில் கிடக்கிறதோ என்று உன் மாமனே விரட்டிவிட்டார்.

இனிமேல்தான் சங்கதி. அந்த முடிவு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தி நானும் தோழிகளும் வியாழக்கிழமை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வருவதற்குக் காத்திருந்து, வாராவாரம் படித்த கதைதான் அது. உன் அப்பாவோ அண்ணனோ, உனக்குத் தெரியுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேரும் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே, என் முன்னால் உட்கார்ந்து, யாரைப் போய்க் கேட்கலாம் என்று யோசிக்கிறார்கள்! முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். கடைசி வாரத்தில் சுகுணா ரயிலில் கண் விழிக்கிறாள், எதிரே புருஷன் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறான். அவ்வளவும் கனவாம்! அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் ஒருத்தி பத்திரிகையை வாய்க்காலில் வீசிவிட்டாள். இது இவர்களுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று நீயே யோசித்துப் பார். தேடுகிறவரை ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள். நாளைக்கு உக்கடத்தில் பழைய புத்தகக் கடைக்குப் போகிறார்களாம், கட்டுச்சோறு கட்டித் தரச் சொல்லியிருக்கிறார்கள், தக்காளிச் சோறு கட்டப் போகிறேன்.

புடவைக்கு ரவிக்கை அளவு அனுப்ப மறந்துவிடாதே. வரும்போது அத்தைக்கு ஒரு நல்ல கம்பளி, மாமனுக்குத் தேன். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், நீயும் உன் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருப்பீர்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள், போனில் உன் அப்பா இந்தக் கதையை எடுத்தால் நீயும் ஆச்சரியமாகக் கேள். உன் கழுத்தில் தாலி ஏறுகிறவரை, வந்தவன் சுகுணாவின் புருஷனா இல்லையா என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா மருதாத்தாள்