பின்சக்கரத்துக்கு மட்டும்

மத்தீஸ்,
3 நவம்பர் 1994

ரேஜானுக்கு,

நலம். உன் அப்பாவும் நலம், சிகிச்சை இல்லாத நாட்களில். நாம் பிரிந்த பிறகும் மாமா என்னோடு இருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பனி விழத் தொடங்கிவிட்டது. அவரைக் காப்பஸ்கேசிங் மருத்துவமனைக்கு என் பிக்கப்பில்தான் அழைத்துப்போகிறேன், டயர்கள் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. கடைக்காரர் எல்லாப் பருவத்துக்குமான டயரே போதும் என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. மர லாரி ஓட்டுகிறவன் நீ, எது வாங்கலாம் என்று எழுது.

கிஸ்லேன்

ஹர்ஸ்ட்,
9 நவம்பர்

அன்புள்ள கிஸ்லேன்,

அந்த ரப்பர் குளிரில் கட்டையாகிவிடும். குளிரிலும் மென்மையாக இருக்கும் பனி டயர்தான் வேண்டும். நானே வாங்கிப் பேருந்தில் அனுப்புகிறேன். அப்பாவுக்கு அதையாவது செய்கிறேன். இரண்டு வரும். பின்சக்கரங்களில் மாட்டு. வண்டியைத் தள்ளுவது அவைதானே, இரண்டு போதும். பாரத்துக்குப் பின்தட்டில் மணல் மூட்டை போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்.

ரேஜான்

மத்தீஸ்,
6 டிசம்பர்

ரேஜானுக்கு,

நீ வரவில்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் சவரம் செய்துகொள்கிறார்.

நேற்று மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது ஊர் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. பின்னால் பனி டயர்கள் பிடித்துத் தள்ள, முன்சக்கரங்கள் வழுக்கி நேரே பள்ளத்தில் இறங்கினோம். அடி இல்லை. பனி வாரும் வண்டி ஓட்டும் தெனி சங்கிலி போட்டு இழுத்தான். குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடி மட்டும் போடச் சொன்ன புத்திசாலி யாரு, அக்கா? வண்டி போறதுக்கு மட்டுந்தானா? திரும்ப வேணாம், நிக்க வேணாம்?" என்று சிரித்தான்.

நான் வாய் திறப்பதற்குள் மாமா, "நான்தாம்ப்பா சொன்னேன். கெழட்டுப் புத்தி" என்றார்.

வீடு வரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கும்போது, "ரேஜானுக்கு எழுதாதம்மா" என்றார். எழுதிவிட்டேன்.

உன் பிக்கப்பில் எத்தனை பனி டயர்?

கிஸ்லேன்

ஹர்ஸ்ட்,
12 டிசம்பர்

கிஸ்லேன்,

நாலு. எழுதவே கூசுகிறது.

நேற்று நீ வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தேவாலயப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் வந்தேன். உன்னுடையதும் என்னுடையதும் ஒரே மாதிரி வண்டி, சக்கரங்கள் பொருந்தின. என் நாலும் இப்போது உன் வண்டியில். உன்னுடையதை மாட்டிக்கொண்டு ஊர்ந்து வந்து சேர்ந்தேன்.

அப்பா ஜன்னலில் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றினேன். திரையை இழுத்துவிட்டார். கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அதற்கு நான் வரலாமா என்று அவரிடம் கேட்டு எழுது. வேண்டாம் என்றால் தெனியை இறுக்கச் சொல்.

ரேஜான்