அப்பா தேய்த்த டிஷ்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். கறுப்பு ஆடு குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்று உன்னைப் போலவே, ஓரிடத்தில் நிற்பதில்லை. "அக்கா, ஆட்டை விட்டுட்டு விஷயத்துக்கு வாங்க" என்கிறாள் டீச்சர். வருகிறேன்.

டிவி செய்தியில் மூலையில் நின்று, காது கேளாதவர்களுக்குக் கையால் செய்தி சொல்லும் வேலை உனக்குக் கிடைத்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனில் நான் உன்னோடு பேசும்போது, காது கேளாத மனுஷர், என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்தானே. நீ ஊரைவிட்டுப் போனபிறகு உன் கையைப் பார்க்கவே இல்லையே.

நீ முதன்முதலாக டிவியில் வரும் நாள் காலையில் மாடிக்குப் போனார். மகள் முகம் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். சோப்பும் நாரும் எடுத்து, கரி பிடித்த பானையைத் தேய்ப்பதுபோல் டிஷ்ஷைத் தேய்த்து, அதன்மேலேயே சாய்ந்து இளைப்பாறியிருக்கிறார். டிஷ் திரும்பிவிட்டது. டிவியைப் போட்டால் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒருத்தி சொன்னாள். அது மெஷின் என்று தெரியாமல் நானும் "சரிம்மா, சரிம்மா" என்றேன். கடைசியில் நிஜப் பெண் வந்தாள். "ஆள் நாளைக்குத்தான் வருவாங்கம்மா" என்றாள். நான் நீ பிறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள அனுப்பறேம்மா. நானும் பாக்கறேன் உங்க பொண்ண" என்றாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

வேலை முடிந்து தன் வீட்டுக்குக் கிளம்பிய மெக்கானிக், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "இவ்வளவு சுத்தமான டிஷ்ஷ நான் பாத்ததே இல்லம்மா" என்றார். அவர் மேலே திருப்பத் திருப்ப, படம் வருகிறதா என்று கீழேயிருந்து கத்த வேண்டும். டிவி முன்னால் அப்பா, வாசலில் நான். அப்பா கையை விரித்தால் "வரல" என்பேன். விரலை ஆட்டினால் "கொஞ்சம் வருது" என்பேன். திடீரென்று அப்பாவின் கை என் பக்கம் வரவே இல்லை.

"ஏம்மா, வருதா இல்லையா? கழுத்து வலிக்குது" என்றார் மெக்கானிக்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூலையில் நீ. எங்கோ மழை கொட்டுவதைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்பாவோ உன்னிடம், இளைத்துவிட்டாய் என்று கையால் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் இறங்கி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது தினமும் பார்க்கிறோம். டிஷ்மேல் காக்கா உட்கார்ந்தால்கூட அப்பா விடுவதில்லை.

ஒரே ஒரு குறை. கடைசியில் நீ எல்லோருக்கும் கும்பிடு போடும்போது அப்பா நம் வீட்டு வழக்கப்படி வயிற்றைத் தட்டி, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். நீ பதில் சொல்லாமல் போய்விடுகிறாய். விளம்பரம் வந்தபிறகும் அங்கேயே நிற்கிறார். உன் அதிகாரி திட்டமாட்டார் என்றால், ஒரு நாளாவது கும்பிட்டு முடித்ததும் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் போ, கண்ணு. சாப்பிடாமல் இருந்தாலும் தட்டு.

உன் இரண்டு கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

அம்மா