அவர் மூக்கும் என் போனும்

ஜூன் 6, வெள்ளி

ஒரு வாரமாகப் போனைத் திறந்தால் மூக்குதான். மூக்குக்குச் சொட்டு மருந்து, மூக்குக்குத் தைலம், வேலூரில் மூக்கு டாக்டர். எனக்குச் சளிகூட இல்லை. ஷூ கம்பெனியில் செக்கிங் முடித்து வந்தால் சமையல் வீடியோ பார்ப்பேன், அவ்வளவுதான். இந்த விளம்பரமெல்லாம் எனக்கு எதற்கு?

ஜூன் 7

போன் வாங்கிய கடையிலேயே கேட்டேன். அதாவுல்லா பாய் சிரித்தார். "உங்க போனு, உங்க வீட்டுக்காரரு போனு, ரெண்டுக்கும் ஒரே மெயில்தாம்மா போட்டேன். ரெண்டு பாஸ்வேர்டு ஞாபகம் வச்சிக்க முடியாதுன்னு அண்ணன்தான் சொன்னாரு. நாம தேடறத எல்லாம் அது சேத்து வச்சிக்கும், அத பாத்துதான் விளம்பரம் அனுப்பும். அவரு தேடறது உங்களுக்கும் வரும், நீங்க தேடறது அவருக்கும் போவும்." தேடியதெல்லாம் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன்.

"மூக்கில் வாசனை தெரியவில்லை." "வாசனை திரும்ப வருமா." "தொட்டி வேலையில் நாற்றம் தெரியாவிட்டால் ஆபத்தா." "வாசனை தெரியாத ஆளை வேலையை விட்டு எடுப்பார்களா." எல்லாம் மார்ச் மாதத்திலிருந்து, இந்த ஒரு வாரமாக இன்னும் அதிகம்.

ஐயோ, என் புருஷா, ஜான்சா!

ஜூன் 8, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து பிரியாணி செய்தேன். மனசு எங்கேயோ இருந்தது, அடி பிடித்துவிட்டது. வீடெல்லாம் தீய்ந்த வாடை. மனுஷன் ஒரு வாய் வைத்துவிட்டு, "சூப்பர் வள்ளி, வாசனையே ஆளைத் தூக்குது" என்கிறார்! இத்தனை நாளும் இப்படித்தான் புகழ்ந்தாரா?

சிரிப்பு வந்தது. பிறகு பாத்திரம் கழுவும்போது அழுகையும் வந்தது. அவருக்கு வேலை தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தொட்டியில். அங்கே அழுகின முட்டை நாற்றம் வந்தால் விஷக்காற்று என்று எல்லாரும் ஓடுவார்கள். இவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். போன்கிட்ட சொல்லத் தெரியுது, பொண்டாட்டிகிட்ட சொல்ல வாய் வரலையா?

ஜூன் 9

நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல, சளி" என்பார். பிடிவாதம் பிடித்த மனுஷன். டீ நேரத்தில் தேடும் இடத்தில் நானே அடித்தேன்: "புருஷன் மூக்கு போனால் பரவாயில்லை, உயிர் போனால் பெண்டாட்டி என்ன செய்வாள்."

அது ஏதேதோ காட்டியது. நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தால் போதும்.

ஜூன் 10

பதில் வந்துவிட்டது! "பெண்டாட்டிக்கு எப்படித் தெரிந்தது."

நான்: "தீய்ந்த பிரியாணியை சூப்பர் என்றால் தெரியாதா."

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பார்த்தால்: "வேலை போனால் வள்ளி முகத்தில் எப்படி முழிப்பது."

லூசு. என்ன மாதிரி லூசு! "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் அடித்தேன்.

வந்தார். என் தோளில் தலையை வைத்துக்கொண்டார். "பயமா இருந்துச்சு வள்ளி. எல்லாரும் நாத்தம் தாங்கலன்னு பேஜாராவறாங்க. எனக்கு அது வராததுதான் பயம்."

"நாளைக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் வந்து சொல்லுவேன்."

"நீ செஞ்சாலும் செய்வ."

ஜூன் 16

மூக்கு விஷயத்தைச் சொல்லாமல் தொட்டிக்குள் இறங்கியதற்கு சூப்பர்வைசர் ஜியாவுல்லா சார் நன்றாகத் திட்டினாராம். திட்டிவிட்டு, தோல் அடுக்கும் குடோனுக்கு மாற்றிவிட்டார். ஓவர்டைம் கிடையாது. போகட்டும்.

ஜூன் 21

இன்றைக்கு பாய் தனித்தனி மெயில் போட்டுக் கொடுத்தார். இனி அவர் என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியாது. நல்லதுதான். ஆனாலும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 25

டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். வாசனை திரும்ப வருமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மீன் மார்க்கெட்டில் நல்ல கூட்டம். அவர் ஒரு மீனைத் தூக்கி என் மூக்குக்கு நேராக நீட்டினார். மீன்காரம்மாவுக்குக் கோபம். "இன்னாண்ணா, நீயே மோந்து பாரேன். காலைல வந்த மீனு."

"எனக்கு வாசனை தெரியாதும்மா," என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் அவ மூக்குதான்."

மீன் நல்ல மீன்தான். "ஒரு கிலோ போடும்மா" என்று நானும் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.