கலியம் முதல் ஃபெரம் வரை

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஜன்னலில் மலை தெரியவில்லை. புதன்கிழமை எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சையில் கெமிஸ்ட்ரி.

நேரம் மிச்சம் பண்ண, டியூஷனில் கூடப் படிக்கும் டேனியலும் நானும் கண்டுபிடித்த வழி: பாடத்தைப் பங்கு போடுவது. பயோலஜி எனக்கு, கெமிஸ்ட்ரி அவனுக்கு. அவரவர் பங்கைப் படித்து, சுருக்கி, ஃபோனில் பேசிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். மற்றவர் துணி காயப்போடும்போது, பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம். பாதி நேரத்தில் முழுப் பாடம். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வெள்ளி, டியூஷன் வாசலில் எங்கள் காதலை முடித்துக்கொண்டான். "எஸ்.பி.எம். முடியற வரைக்கும் வேணாம்லா. ஃபோக்கஸ் பண்ணணும்."

"அதுக்கப்புறம்?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

ஆக, கெமிஸ்ட்ரி முழுக்க அவன் குரலில் இருக்கிறது. புத்தகத்தை நான் ஒழுங்காகத் திறந்ததே இல்லை. அவனைக் கேட்காமல் பாஸாக முடியாது. பாஸாகாமல் யுனிவர்சிட்டிக்குப் போக மெட்ரிகுலேஷன் படிப்பு கிடையாது. என்ன புத்திசாலித்தனம்!

யாரிடமும் சொல்லவும் முடியாது. அவன் வீட்டில் சர்ச், எங்கள் வீட்டில் மாரியம்மன். எங்கள் விஷயம் யாருக்கும் தெரியாது.

நவம்பர் 17, திங்கள்

வெயில். துணி துவைத்தேன். பிறகு புத்தகத்தோடு மல்லுக்கட்டல். உப்புப் பாடம். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. மதியம் தோற்றுப்போய் இயர்ஃபோன்.

"ஓகே கவி, இன்னிக்கு உப்பு. தூங்கிடாதலா."

நிறுத்திவிட்டேன். அழுகை. முகம் கழுவினேன். மறுபடி போட்டேன்.

நடுவில் அவன் அம்மா குரல்: "டேனி, சாப்புட வாய்யா." "வாரேன்மா." பரீட்சைக்குத் தேவையில்லாத இடம். அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வீட்டில் நான் சங்கு. பள்ளியில் சங்கவி. கவி என்று கூப்பிடுவது அவன் மட்டும். உலோகங்களின் வரிசை மனப்பாடமாக, முதலெழுத்து ஒத்துவரும் ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. கலியம் என்கிற பொட்டாசியம், நாட்ரியம் என்கிற சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், ஸிங்க், ஃபெரம் என்கிற இரும்பு. அந்த வாரம்தான் என்னை மார்க்கெட்டில் பார்த்திருந்தான். "கவி நாளைக்குக் காலையில மார்க்கெட்டுக்கு அம்மாவோட ஜீன்ஸ் போட்டு ஃபேஷனா போவா." ஒரு வாரம் கேலி. அன்றிலிருந்து கவி.

அம்மா வேலை முடிந்து வந்ததும், "கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"ஃபோன் பாத்தேன்மா."

"பரீட்சைக்கெல்லாம் போயி அழுவாங்களா? மைலோ கலக்கவா?"

மைலோ, தீபாவளி முறுக்கு. நமத்துப்போயிருந்தது. தின்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மேகமூட்டம். டியூஷன் கடைசி வகுப்பு. டேனியல் வரவில்லை. தலைவலி என்று ஐந்தாறு பெண்கள் புலம்பல். ஏர்கான் ஓடவில்லை.

பக்கத்தில் பிரியா. இந்த வருஷம் தெலுக் இந்தானிலிருந்து வந்தவள், பள்ளியில் பக்கத்து வகுப்பு. கெரோப்போக் வறுவல் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். சார் உலோக வரிசையைக் கேட்டார். அவள் விரலை மடக்கி முணுமுணுத்தாள்.

"கவி நாளைக்குக் காலையில மார்க்கெட்டுக்கு..."

அவள் பக்கம் திரும்பினேன்.

"யாரு சொல்லித் தந்தா?"

"டேனியல்தான்லா. டெய்லி ஃபோன்ல சொல்லித் தரான்." சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். "ரொம்ப ஈசி. நீயும் எழுதிக்கோ."

"கவி யாரு?"

ஏன் கேட்டேன்?

"யாரும் இல்லையாம். கலியத்துக்கு K வேணும்னு சும்மா ஒரு பேராம்."

யாரும் இல்லை. சும்மா ஒரு பெயர். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு வலிக்கிறது. பிரியாவை வெறுக்கலாம் என்று பார்த்தால் மீதிக் கெரோப்போக்கையும் எனக்கே கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் புது வாக்கியம் கட்டினேன். "கறிவேப்பிலை நாத்தனார் காயவச்சா மழை..." அதற்கு மேல் போகவில்லை. என் நாத்தனாரும் என்னைப்போல் பாதியில் நிற்கிறாள்.

நவம்பர் 19, புதன்

மழை இல்லை. மலை பளிச்சென்று. அம்மா நெற்றியில் விபூதி பூசிவிட்டாள், கொஞ்சம் கண்ணில் விழுந்தது. நல்லதாகப் போயிற்று, அழுததற்குக் காரணம் கிடைத்தது.

கேள்வித்தாளில் உலோக வரிசை வந்தது. நாத்தனார் ஓடிப்போனாள். அவன் குரல்தான் வந்தது, ஒரு வார்த்தை குறையாமல். முதலில் கலியம் எழுத வேண்டும். கவி என்று நினைக்காமல் கலியம் எழுத முடியவில்லை. பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன். ஃபெரம் வரை சரி. உப்புக் கேள்வியும் சரி. எல்லாம் அவன் சொன்னபடியே. நன்றாகச் சொல்லித் தருவான், அதை மறுக்க முடியாது.

பரீட்சை முடிந்து வெளியே வந்தால், கேட் பக்கம் அவனும் பிரியாவும். பிரியா கேள்வித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்து தாண்டப் பார்த்தேன். பழக்கதோஷம் போல, அவன் வாய் முந்திக்கொண்டது.

"கவி! எப்படிச் செஞ்ச?"

பிரியாவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நல்லா செஞ்சேன்," என்றேன்.

பஸ்ஸில் அவன் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். உப்புப் பாடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதில் "வாரேன்மா" இருக்கிறது.